சைலன்சர் பேக்கிங்: ஒரு மெல்லிய தகட்டின் நூறு வருஷக் கதை

காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணதும் இன்ஜின் பக்கத்துல 'டிக் டிக்'னு ஒரு சத்தம். சூடானதும் அது நின்னுடுது. மெக்கானிக்கிட்ட கேட்டா, "பேக்கிங் போச்சு தம்பி"னு சொல்வார். பைக்ல இன்ஜினும் பென்ட் பைப்பும், கார்ல இன்ஜினும் ஹெடரும் சேருற இடத்துல ஒரு கேஸ்கெட் இருக்கு. அதைத்தான் அவர் சொல்றார். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

அதோட வேலை லேசுப்பட்டது இல்ல. பெட்ரோல் இன்ஜின்ல இருந்து வெளியே வர்ற புகையோட வெப்பம் 800 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டலாம். சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியம், ஹெடர் இரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நடுவுல இருக்கற தகடு கருகாம, கிழியாம அந்த இடைவெளியை அடைச்சுக்கிட்டே இருக்கணும்.

20ஆம் நூற்றாண்டில் ரொம்ப காலம் இதுக்குக் கிடைச்ச சுலபமான விடை, ஆஸ்பெஸ்டாஸ். தமிழ்ல கல்நார். நம்ம ஊர் கூரை ஷீட்ல இருக்கே, அதேதான். மண்ணுல இருந்து எடுக்கற கனிமம், ஆனா பஞ்சு மாதிரி நூலா நூற்கலாம். எரியாது, அழுத்தினா படியும், விலையும் கம்மி. இரண்டு செம்புத் தகடுக்கு நடுவுல வெச்சு அழுத்தினா கேஸ்கெட் ரெடி. இன்ஜினியர் கண்ணுல பார்த்தா அதுல குறையே தெரியாது.

அதை நூற்றவங்க நுரையீரல்லதான் குறை தெரிஞ்சுது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர். அங்கே டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நார் நூற்றவர் நெல்லி கெர்ஷா. மூச்சு விட முடியாம 1922இல் வேலையை விட்டார். நஷ்டஈடு கேட்டார், கம்பெனி மறுத்துடுச்சு. 1924இல் இறந்தபோது அவருக்கு வயசு 33. அவருடைய நுரையீரலைச் சோதித்த டாக்டர் வில்லியம் குக், அதில் கனிமத் துகள்களைப் பார்த்தார். அந்த நோய்க்கு ஆஸ்பெஸ்டாசிஸ் என்ற பேர் வந்தது 1927இல்.

1930இல் பிரிட்டிஷ் அரசு அறிக்கை ஒண்ணு வந்துச்சு. சோதிச்ச 363 தொழிலாளர்களில் 95 பேருக்கு நுரையீரல் பாதிப்பு. அடுத்த வருஷமே தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் வந்தாச்சு. ஆனா அந்த விதிகள் கல்நார் பொருள் தயாரிக்கற ஆலையோட நின்னுடுச்சு. அதே பொருள் பேக்கிங்கா மாறி ஒர்க்‌ஷாப்புக்கு வந்த பிறகு, அதைச் சுரண்டி ஊதற மெக்கானிக் அந்தச் சட்டத்தோட கணக்குலயே இல்ல.

பிரிட்டன் முழுசா தடை பண்ணது 1999இல். அமெரிக்காவில் 1989இல் வந்த தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அதோட விளைவைப் பாருங்க: 2020இல் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறை கல்நார் இன்னும் எங்கெல்லாம் இருக்குன்னு ஆராய்ஞ்சப்போ, பட்டியல்ல வந்த ஒரு பொருள், இறக்குமதியான ஒரு வகை வண்டியோட எக்ஸாஸ்ட் கேஸ்கெட்! புதுத் தடை விதி வந்தது 2024 மார்ச்சில்தான். இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு இன்னும் முழுத் தடை இல்ல.

சரி, இப்போ கடையில என்ன கேட்டு வாங்கறது? ஃப்ளாஞ்ச் லேசா வளைஞ்சிருந்தா, நடுவுல ஸ்டீல் வெச்ச கிராஃபைட் நல்லா படியும். ரெண்டு பக்கமும் சமமா, சுத்தமா இருந்தா, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து ரொம்ப நாள் உழைக்கும். பல பைக்குகளுக்குச் செம்பு வளையமே போதும். எதை எடுத்தாலும் பாக்கெட்ல 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது'ன்னு போட்டிருக்கான்னு பாருங்க.

அதைவிட முக்கியமானது, பழசைக் கழற்றற விதம். பழைய வண்டியா இருந்தா, பேக்கிங்ல கல்நார் இருக்குன்னே வெச்சுக்கோங்க. காய்ஞ்ச நிலையில சுரண்டக் கூடாது, காத்து அடிக்கக் கூடாது. தண்ணி தெளிச்சு, ஈரமா இருக்கும்போதே எடுத்து, ஈரத்துணியால துடைச்சு, ரெண்டையும் கவர்ல போட்டுக் கட்டிடணும். துணி மாஸ்க் இதுக்குப் போதாது.

நம்ம காசுக்கு அந்த வேலையைச் செய்யறது பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்ல இருக்கற சின்னப் பையன். அவன் ஏர் கன்னை எடுத்தா, "தம்பி, ஊதாதே, தண்ணி தெளிச்சுக்கோ"ன்னு சொல்லுங்க. நெல்லி இறந்து நூறு வருஷம் தாண்டியாச்சு. இதை அவன்கிட்ட சொல்ல இன்னொரு சட்டம் வரணும்னு காத்திருக்க வேண்டாம்.