குடிவரவு நிதியும் தொழிலாளர் கணக்கும்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் திரளும் தமிழருள் பலருடைய முன்னோர், பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர் ஆவர். அவர்தம் கப்பற் செலவை ஏற்றது யார் என்னும் வினா, மலாயாவில் முதலாளிகள்மீது விதிக்கப்பட்ட பழைய வரி ஒன்றனை நமக்குக் காட்டுகிறது.

1907இல் இயற்றப்பட்ட தமிழர் குடிவரவு நிதிச் சட்டத்தின்படி, தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள், அத்தொழிலாளர் செய்த வேலைநாள்களைக் காலாண்டுதோறும் கணக்குக் காட்டி, அதற்கேற்ப வரி செலுத்தினர். தாம் ஆளெடுக்காமல், பிறர் வருவித்த ஆள்களை ஈர்த்துக்கொண்ட தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. இந்நிதியே புதிதாக வருவோரின் பயணச் செலவை ஏற்றது. ஆகவே, இலவசப் பயணம் எனப்பட்டது முன்னர் வந்தோரின் உழைப்பைக் கணக்கிட்டுத் திரட்டிய பணத்தால் அமைந்தது எனலாம்.

ஆயினும், வேலைநாள்கள் எண்ணப்பட்டனவேயன்றி, உழைத்தவர் பெயரில் எதுவும் வரவு வைக்கப்படவில்லை. 1951இல் ஊழியர் சேமநிதி தோன்றிய பின்னரே முதலாளி செலுத்தும் தொகை தொழிலாளியின் தனிக்கணக்கில் சேரலாயிற்று. பழைய நிதியோ 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999இல் கலைக்கப்பட்டது. அதன் சொத்து அரசைச் சேர்ந்தது. தனக்குரிய பங்கு இவ்வளவு எனக் காட்டத் தொழிலாளியிடம் கணக்கேதும் இல்லை.

சம்பளக் கணக்கை அலுவலகத் தாளாக மட்டும் கொள்ளாது, உரிமைச் சான்றாகவும் ஆராய்தல் வேண்டும் என்பது நம் கருத்தாகும்.