ஒலுவிற் கரையும் துறைமுகமும்

கடற்கரை நெய்தல் நில மக்கள் தொழில் புரியும் களம் மாத்திரமன்று; ஊரார் பலருங் கூடி இளைப்பாறும் பொது முற்றமுமாகும். இவ்வழக்கம் மேனாட்டார் நமக்குக் கற்பித்ததெனக் கருதுவோர் சிலப்பதிகாரத்தை நோக்குதல் வேண்டும். இந்திர விழா முடிந்தபின் புகார் நகரத்தார் கடலாடச் செல்வதைக் கடலாடு காதை விரித்துரைக்கின்றது. கோவலனும் மாதவியும் அக்கூட்டத்துட் சென்றே கானல்வரி பாடினர். பழந்தமிழர் யாழின் இயல்பை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்த சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவிற் பிறந்தார். அவ்வூருக்குத் தெற்கே, நிந்தவூரை அடுத்து, அட்டாளைச்சேனைப் பிரிவில் அமைந்திருப்பதே ஒலுவில்.

இக்கரையோர மக்களின் வாழ்வில் வழிபாடும் பொழுதுபோக்கும் கடலருகே ஒன்றுகூடுகின்றன. ஆடி அமாவாசையன்று திருக்கோவிற் கடலிலே சைவர் தீர்த்தமாடுவர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் கொடியேறும். அந்நாட்களில் மணற்பரப்பெங்கும் கடைகளும் மக்கள் வெள்ளமுமாயிருக்கும். பெருநாள் மாலைகளில் முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைகளோடு கரைக்கு வருவர். கட்டணமோ வேலியோ இன்றி ஏழையும் செல்வனும் ஒருங்கே அமரும் இடம் இதுபோற் பிறிதில்லை.

பிரித்தானியர் காலத்தில் இவ்விளைப்பாற்றுக்கு அரசாங்கமே இடம் வகுத்தது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் கொழும்புக் காலிமுகத்திடலின் உலாவும் பாதையை 1859இல் நிறைவுசெய்து, அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கல்வெட்டிலே கேட்டுக்கொண்டார். சென்னை மெரீனாவின் வரலாறோ வேறு வகையானது. அங்கு 1876ஆம் ஆண்டளவில் துறைமுக வேலை தொடங்கிற்று. கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. தெற்கே மணல் குவிந்து கரை அகன்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை அமைத்து, மெரீனா என்னும் பெயரையும் இட்டார். ஆனால் அதே சுவர்களின் வடக்கே இராயபுரம் முதலிய இடங்களிற் கடல் நிலத்தை அரித்தது. தென்கரைக்கு வாய்த்த விளையாட்டிடம் வடகரையார் கொடுத்த விலையாகும்.

இவ்வரலாறு ஒலுவிலில் மீண்டும் நிகழ்ந்தது. 1990களிற் கப்பற்றுறை, துறைமுக அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரஃப் இங்குத் துறைமுகமொன்று அமையவேண்டுமென முயன்றார். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அக்காலத்திலேயே ஒலுவிலில் உருவாயிற்று. 1999இல் வெளிச்சவீடு எழுந்தது. அடுத்த ஆண்டு அஷ்ரஃப் வானூர்தி விபத்தில் மறைந்தார். 2004 திசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை இக்கரையிற் பல்லாயிரம் உயிரைக் கொண்டது. பின்னர் தென்மார்க்கு நாட்டின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செத்தெம்பர் 1ஆந் தேதி துறைமுகம் திறக்கப்பட்டது. தொழில் வளம் குன்றிய மாவட்டம் துறைமுகம் விரும்பியது நியாயமே. அவ்விருப்பத்தைக் குறைகூறுதல் தகாது.

எனினும் மணலின் ஓட்டத்தை யாரும் மாற்றமுடியாது. இதே மாவட்டத்து அறுகம் குடாவில் மே முதல் செத்தெம்பர் வரை அலைச்சறுக்கு ஆடுவோரை ஈர்க்கும் தென்றிசை அலைகளே கரைமணலை வடக்கே தள்ளுகின்றன. ஒலுவிற் சுவர்கள் அதனை மறிக்கவே, தெற்கே பாலமுனைப் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் நிலம் கரைந்தது. தென்னைகள் வீழ்ந்தன, கரைவலை இழுக்கும் இடங்கள் சுருங்கின. துறைமுக வாயிலையும் மணல் அடைத்தமையால், எவர் பொருட்டுத் துறைமுகம் அமைந்ததோ அம்மீனவரே இடர்ப்பட்டனர்.

ஒரு பக்கம் இழந்த மணல் மறுபக்கம் சேர்ந்ததன்றோ, இதில் நட்டமென்ன என்று சிலர் வினவலாம். கணக்குக்கு அது சரி, வாழ்வுக்குச் சரியன்று. பாலமுனையிற் குவிந்த மணலில் நிந்தவூரான் தோணி ஏற்றமுடியாது. அவன் பிள்ளை மாலையில் அங்கே சென்று பந்தாடுவதும் எளிதன்று. அரிப்பைத் தடுக்கக் கற்களை அடுக்குதலும் அரைத் தீர்வே. கல் நிலத்தைக் காக்கும், கரையைத் தராது. தோண்டியெடுக்கும் மணலை இடைவிடாது வடகரையிற் சேர்த்தலே இயற்கையின் போக்குக்கு இசைந்த பரிகாரம்.

533இல் உரோமப் பேரரசன் யஸ்டினியன் வெளியிட்ட சட்டநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் எல்லார்க்கும் பொது என வகுத்தது. அம்மரபில் வந்த உரோம-ஒல்லாந்தச் சட்டமே இலங்கைப் பொதுச் சட்டத்தின் அடிப்படை. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் கரைக்கு அரண் செய்ய எழுந்ததே. ஆயினும் பொதுப்பொருள் அழியும்போது தனக்கு நட்டமென்று கணக்குக் காட்டுவார் இலர். தோட்டம் இழந்தவனுக்கு உறுதிப் பத்திரம் உண்டு. தோணி இழந்தவனுக்குச் சாட்சி உண்டு. பெருநாள் மாலையில் அமரும் மணலை இழந்த ஊருக்கு எந்தப் பத்திரம் உண்டு?

சென்னை தந்த பாடம் ஒலுவிலுக்கு நூற்றிருபது ஆண்டுகள் முந்தியது. அதனைக் கற்றறிந்தோர் இருந்தும் அது பயன்படவில்லை. இனிக் கடலோரத்தில் ஒரு கல் நடுமுன், அக்கல்லின் வடக்கே வாழ்வோர் யாவர் என வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பக் கற்றுத்தருமாயின், வரலாறு படித்தோர் தம் கடமையைச் செய்தவராவர்.