உம் கொட்ட ஆளில்லாத கதை

கதை கேட்பதற்கு நம் வீடுகளில் ஒரு சம்பிரதாயம் இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து, முற்றத்தில் பாயை விரித்துப் பாட்டி கதை தொடங்கினால், சுற்றிப் படுத்திருக்கும் குழந்தைகளில் எவரேனும் ஒருவர் வாக்கியத்துக்கு ஒரு தரம் ‘உம்’ கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். குழந்தைகள் தூங்கிவிட்டார்களா என்று அறிவதற்காக ஏற்பட்ட உபாயந்தானே இது என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் வில்லுப்பாட்டில், விடிய விடியத் தூங்காத பெரியவர்களின் சபையிலே, அண்ணாவி அடியை முடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவது எதற்காக? சொல்பவர் ஒருவர் மட்டும் இருந்தால் அது புலம்பல். கேட்பவர் வாயைத் திறந்த பிறகுதான் கதை என்று நம் முன்னோர் எண்ணியிருக்க வேண்டும்.

பழைய அகப்பாட்டுகளில் பிரிவுத் துயருக்குக் குறைவே இல்லை. ஆயினும், தலைவன் பொருள்தேடிப் போன பின்பு வாடியிருக்கும் தலைவிக்குப் பக்கத்திலே தோழி இருக்கிறாள். தோழியிடமும் சொல்லாததை முகத்தைப் பார்த்தே ஊகிக்கச் செவிலி இருக்கிறாள். எவரும் இல்லாத இடத்தில் கடலையும் கானலையும் பறவையையும் விளித்து அவள் பிதற்றும் பேச்சுக்குக்கூடக் ‘காமம் மிக்க கழிபடர் கிளவி’ என்று ஒரு துறையை வகுத்து, வரிசையில் ஓர் இடமும் கொடுத்துவிட்டார்கள் நம் இலக்கணக்காரர்கள். குறுந்தொகையில் கபிலர் படைத்த தலைவி, தன் களவு மணத்துக்குச் சாட்சி என்று சொல்ல ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகைத் தவிர வேறெதுவும் இல்லை என்று ஏங்குகிறாள். அதையும் தோழியிடந்தான் சொல்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிறுகதை என்னும் புதிய உருவம் பத்திரிகைகளின் வழியே வளர்ந்தபோது இந்தத் தோழி காணாமற் போனாள். பத்திரிகை என்பது ஒருவர் கையில் ஒரு பிரதியாக, விளக்கடியில், உதடு அசையாமல் படிக்கப்படுவது. படிப்பவர் உம் கொட்டினாலும் எழுதினவர் காதில் விழப்போவதில்லை. இந்த ஊமைத்தனம் கதைக்குள்ளேயும் புகுந்துகொண்டது என்பது என் எண்ணம். 1884-இல் தாகூர் எழுதிய ஆரம்பகாலக் கதை ஒன்றில், குசும் என்னும் இளம் விதவையின் மனத்தை அறிந்தது கங்கைக்கரைப் படித்துறை. அந்தப் படித்துறையே கதையைச் சொல்கிறது. இரண்டு வருஷங்களுக்குப் பின் ருஷ்யாவில் செக்காவ் எழுதிய கதையில், மகனைப் பறிகொடுத்து ஒரு வாரம்கூட ஆகாத அயோனா என்னும் கிழ வண்டிக்காரன், பனி கொட்டும் பட்டணத்தில், ஏறி இறங்கும் சவாரிகளிடமெல்லாம் அந்தச் செய்தியைச் சொல்ல வாயெடுத்து, ஒருவரும் காது கொடாமையால், கடைசியில் லாயத்துக்குப் போய்த் தன் குதிரையிடம் சொல்லித் தீர்க்கிறான். 1915-இல் வ. வே. சு. ஐயர், தாகூரின் அந்தக் கதையை முன்மாதிரியாகக் கொண்டு, ருக்மிணியின் முடிவைக் குளத்தங்கரை அரசமரத்தின் வாயால் சொன்னார். மனிதர் நிறைந்த ஊரிலே ஒரு பெண்ணின் மனத்தை அறிந்தது மரம் ஒன்றுதான் என்றால், தமிழ்ச் சிறுகதையின் தொடக்கத்திலேயே ஏகாந்தம் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது!

பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் ‘மணிக்கொடி’ 1935-இல் சிறுகதைப் பத்திரிகையாக மாறிய பிறகு, மரமும் படித்துறையும்கூட விலகிக்கொண்டன. கு. ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’வில், கணவனின் உடல்நிலை அபாயம் என்று தந்தி வந்து, அக்காளும் தம்பியும் சென்னைக்கு இரவு ரயிலில் பிரயாணம் செய்கிறார்கள். இருவர் மனத்திலும் இருப்பது ஒரே எண்ணம். அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு இருவருக்கும் இல்லை. அருகருகே இருப்பதனாலேயே தனிமை இரட்டிப்பாகும் என்பதை அந்த ரயில் பெட்டியைவிட நன்றாகக் காட்டிய இடம் நம் மொழியில் அதிகமில்லை.

எனினும் இந்த வழியில் எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது, 1943-இல் ‘கலைமக’ளில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையைத்தான். தெற்கேயிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து, ஜவுளிக்கடையில் சிப்பந்தியாக உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, தீராத நோயாளியான மனைவியோடு தனிக் குடித்தனம் நடத்துகிறார். பிள்ளை குட்டி இல்லை, ஓடிவரப் பந்துக்களும் அருகில் இல்லை. ஊரிலே ஒரு சாவு விழுந்தால், வீட்டுக்காரர் அழ நினைக்கு முன்னரே தெருவே அழுதுவிடும். நீர்மாலை எடுப்பவர், பந்தல் போடுபவர், சங்கு ஊதுபவர் என்று ஆளுக்கொரு காரியம் நடந்துவிடும். இங்கோ மூச்சு நின்ற மனைவியைத் தாமே தூக்கி, தாமே குளிப்பாட்டுகிறார் பிள்ளை. தூக்கும்போது, இவள் இவ்வளவு கனமாக இருந்ததில்லையே என்று ஓர் எண்ணம் அவருக்கு ஓடுகிறது. அவ்வளவுதான், ஒப்பாரி இல்லை, ஆசிரியர் குறுக்கே வந்து இரங்குவதும் இல்லை. வருஷக்கணக்கில் அவளைத் தூக்கி, இறக்கி, பணிவிடை செய்து பழகிய கைகளுக்குத்தான் அந்தக் கன வித்தியாசம் தெரியும்; அதைத் தெரிந்துகொண்ட கைகள் யாரிடம் போய்ச் சொல்லும்?

மௌனியின் விஷயம் வேறு. சிதம்பரத்தில் ஆலை நடத்திக்கொண்டு, ஆயுளில் சுமார் இரண்டு டஜன் கதைகளே எழுதிய அந்த மனிதரின் பாத்திரங்கள் தனிமையால் வருந்துபவர்கள் அல்லர். அதையே இருப்பிடமாகக் கொண்டவர்கள். அங்கே நுழைய எனக்கு எப்போதும் சற்றுத் தயக்கம். பிரான்க் ஓ’கானர் என்ற ஐரிஷ் ஆசிரியர், சிறுகதைக் கலையைப் பற்றி 1960-களின் தொடக்கத்தில் வெளியிட்ட நூலுக்குத் ‘தனித்த குரல்’ என்றே பெயரிட்டார். அவருக்கு நம் மௌனியும் புதுமைப்பித்தனும் எட்டியிருந்தால் இன்னும் இரண்டு அத்தியாயங்கள் எழுதியிருப்பார் என்று ஒரு சபலம்.

‘செல்லம்மா’ளை எழுதியவர் பிரமநாயகம் பிள்ளையைப் போலவே தெற்கேயிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்தவர், பத்திரிகை ஆபீஸ்களில் உழைத்தவர். அவர் சென்னையிலும் மனைவி கமலா திருவனந்தபுரத்திலுமாகப் பிரிந்திருந்த காலங்கள் உண்டு. அப்போது மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள், 1948-இல் அவர் மறைந்து நெடுங்காலம் சென்றபின், ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் நூலாயின. கதைகளில் பிடிபடாத கேலியும் குமுறலுமாகச் சீறும் அதே பேனா, அங்கே ஒருத்தியின் காதுக்கென்று மட்டும் பேசுகிறது. அவள் கொட்டும் உம் எத்தனை நாள் கழித்து வந்தாலும், தபால்காரன் கையில் அது வந்து சேர வழியிருந்தது.