உப்புக் கரைசலில் எத்தனால் ஊற்றினால் என்ன ஆகும்? டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு உதவும் வேதியியல்!
25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் சமையல் உப்பு கரையும். அதே அளவு எத்தனாலில் 0.1 கிராம்கூட கரையாது. ஏன் தெரியுமா?

உப்பிலுள்ள சோடியம், குளோரைடு அயனிகள் ஒன்றையொன்று இழுப்பவை. தண்ணீர் அந்த இழுவிசையைச் சுமார் 80 மடங்கு குறைச்சிடும். எத்தனால் சுமார் 24 மடங்குதான் குறைக்கும். அதனால், செறிவான உப்புக் கரைசலில் எத்தனால் ஊற்றினால் அயனிகள் மறுபடி சேர்ந்து, உப்பு வெள்ளையாகப் படியும்.

ஆய்வகங்களில் டிஎன்ஏவைப் பிரிப்பதும் இப்படித்தான். எதிர்மின் சுமை கொண்ட டிஎன்ஏ, எத்தனால் சேர்ந்ததும் சோடியம் அயனிகளோடு சேர்ந்து படிந்துவிடும்.

பிறகு 70% எத்தனாலால் கழுவுவார்கள். அதிலுள்ள தண்ணீர், மிஞ்சிய உப்பைக் கரைத்துவிடும், டிஎன்ஏ கரையாது. உப்பு அதிகமாகத் தங்கினால், அடுத்து செய்யும் பிசிஆர் டெஸ்ட்டே சொதப்பிடலாம்!