செவிலியர் பணிக்கு ஓர் உலகப் பொதுமொழி

அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ருஃபைதா (ரலி) அவர்களின் பராமரிப்பில் ஒப்படைத்தார்கள்; காலையிலும் மாலையிலும் நலம் விசாரித்தார்கள். நோயாளியைக் கவனிக்கும் பணி அத்தனை பழையது. ஆனால் அந்தப் பணியை எப்படிப் பெயரிட்டு எழுதுவது என்பதில் உலகம் ஒன்றுபட்டது அண்மையில்தான்.

மருத்துவர் கண்டறியும் நோய்க்கு உலகெங்கும் ஒரே குறியீடு உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து, புண் வராமல் காத்த செவிலியரின் உழைப்போ "நோயாளி நலம்" என்ற ஒரு வரியில் மறைந்துவிடும். வந்துவிட்ட புண்ணுக்கும் பெட் சோர், பிரஷர் அல்சர், பிரஷர் இன்ஜுரி, டெக்யூபிட்டஸ் என நான்கு பெயர்கள். இந்தியா, பிலிப்பைன்ஸ், எகிப்து என்று பல நாட்டவர் சேர்ந்து பணியாற்றும் வளைகுடா மருத்துவமனை வார்டில் ஆளுக்கொரு சொல்லை எழுதினால், கணினி அவற்றை நான்கு வெவ்வேறு பிரச்சினைகளாகவே எண்ணும்.

இதற்குத் தீர்வு காண, 1899இல் தொடங்கப்பட்ட சர்வதேசச் செவிலியர் மன்றம் 1989இல் சியோலில் தீர்மானம் போட்டது. அதன் பலன்தான் 'ஐசிஎன்பி' எனப்படும் செவிலியர் பணிக்கான சர்வதேச வகைப்பாடு. 2005இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. அமெரிக்காவில் 1973 முதலே நாண்டா என்ற முயற்சி இருந்தாலும், பல நாடுகளுக்கும் பொதுவாகத் திட்டமிடப்பட்டது இதுவே.

இதன் அமைப்பு எளிது. எதைப் பற்றி, அது எந்த நிலையில், என்ன செயல், எதைக் கொண்டு, எப்போது, எங்கே, யாருக்கு என்ற ஏழு பிரிவுகளில் சொற்கள் உள்ளன. "படுக்கைப் புண்" என்பதோடு "ஆபத்து" சேர்ந்தால் அது செவிலியரின் கணிப்பு. புரட்டிப் படுக்க வைப்பது செயல். சில நாள் கழித்து அதே பிரச்சினையை மறுபடி மதிப்பிட்டு எழுதினால் விளைவு தெரிந்துவிடும்.

கட்டத்தில் 'டிக்' அடிப்பதற்குள் நோயாளியோடு பேச நேரமில்லை என்று செவிலியர்கள் குறைப்படுவதில் நியாயம் உண்டு. ஆயினும் உடல் சார்ந்ததை மட்டுமே இப்பட்டியல் பார்க்கிறது என்பது சரியல்ல. ஆன்மீகத் துயரம் என்பதும் இதில் ஒரு பதிவுச்சொல். தொழ முடியவில்லையே என்று கலங்கும் நோயாளியின் வேதனையையும் கோப்பில் முறைப்படி எழுதலாம்.

2021 முதல் ஐசிஎன்பி, ஸ்னோமெட் சிடி என்ற பெரிய மருத்துவச் சொற்தொகுப்போடு சேர்த்து வெளியிடப்படுகிறது. இந்தியா ஸ்னோமெட் அமைப்பின் உறுப்பு நாடு என்பதால் இங்குள்ள மருத்துவமனைகள் அதற்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.