செம்பின் பருமனும் கொழும்பின் மின்சாரமும்

1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கி, வெள்ளவத்தைக்கு அயலாய் விளங்கும் ஹெவ்லொக் டவுனில் இன்று மின்விளக்கில்லாத வீட்டைக் காண்பது அரிது. அவர் பதவி துறந்த அந்த 1895ஆம் ஆண்டிலேதான் பூஸ்டெட் சகோதரர்கள் கொழும்புக் கோட்டையில் மின்னிலையம் நிறுவினர். 1899இல் நகரவீதிகளில் மின்சார டிராம் வண்டிகளும் ஓடலாயின. இவ்வரலாற்றை இயந்திரங்களின் சரித்திரமாகவே கூறுவது வழக்கம். ஆயின் அது கம்பியின் சரித்திரமுமாகும்.

ஒரு கம்பியிற் பாயும் மின்னோட்டம் இருமடங்கானால், வெப்பமாக விரயமாகும் சக்தி நான்கு மடங்காகிறது. கம்பியைப் பருமனாக்கினால் விரயம் குறையும். செம்பின் செலவோ ஏறும். இவ்விரண்டையும் சீர்தூக்கிச் சிக்கனமான பருமனை நிர்ணயிக்கும் விதியை, பின்னாளிற் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் 1881இல் வகுத்தார். எண் ஏற ஏறக் கம்பி மெலியும் 'ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்' 1884இல் பிரிட்டனிற் சட்டபூர்வமாயிற்று.

கம்பியின் பருமன் வானொலியிலும் கருதத்தக்கதாயிற்று. 1923இல், இலங்கைத் தந்தி இலாகாவின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு, கொழும்பிலேயே ஒலிபரப்புக் கருவியொன்றை அமைக்கச் செய்தார். அக்கால வால்வுக் கருவிகளில் இழையைச் சூடாக்க மின்னழுத்தம் குறைந்தும் ஓட்டம் மிகுந்தும் வேண்டும். அங்கே தடித்த கம்பியே உசிதம். தகட்டுக்கோ அழுத்தம் மிகப் பெரிது, ஓட்டம் மிகச் சிறிது. அங்கே மெல்லிய கம்பி போதும், ஆனால் அதன்மேலுள்ள காப்பு உறுதியானதாயிருத்தல் அவசியம்.

இதே தத்துவமே தேசத்தின் மின்விநியோகத்தையும் ஆண்டது. டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த நீர்மின் யோசனை 1950இல் லக்சபானவில் நிறைவேறியபோது, மலைநாட்டு மின்சாரம் 66,000 வோல்ட் அழுத்தத்திற் கொழும்பை நோக்கி வந்தது. அழுத்தம் பத்து மடங்கானால், அதே சக்தியைச் சுமக்க ஓட்டம் பத்திலொன்று போதும். அதே கம்பியில் விரயம் நூறிலொரு பங்காகிவிடும்.

ஆகவே, வீட்டில் உயரழுத்தக் கருவி செய்ய விழையும் இளைஞர்கள், பருமனை ஓட்டத்தைக் கொண்டும் காப்பை அழுத்தத்தைக் கொண்டும் தனித்தனியே நிர்ணயித்துக்கொள்க. அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையின்றி மின்னிணைப்புக் கொடாதிருப்பீர்களாக.