திரும்பி வரும் அன்பு



ஞாயிற்றுக்கிழமை என்றால் போச்சம்பள்ளியில் சந்தை. அதற்காக யாரும் தண்டோரா போடுவதில்லை, நோட்டீஸ் ஒட்டுவதில்லை. ஆனாலும் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவரும், புளி மூட்டையோடு வருகிறவரும், திருப்பலி முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போகிற நம்மவர்களும் தவறாமல் வந்து சேர்கிறார்கள். காரணம் எளியது. சந்தைக்கு ஒரு கிழமை உண்டு. அந்தக் கிழமை தப்பாது. அன்புப் பணிக்கும் அப்படி ஒரு கிழமையைக் குறித்து வைத்த ஒரு மருத்துவரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

காந்தியடிகள் உயிர்நீத்த சனவரி 30ஆம் நாளை நம் நாடு தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் கடைப்பிடிக்கிறது. சனவரி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உலகத் தொழுநோய் நாள். அதை 1954இல் தொடங்கிவைத்தவர் ராவுல் ஃபொலெரோ என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பொதுநிலையினர். அடுத்த ஆண்டே, 1955இல், மதுராந்தகம் பக்கத்திலுள்ள பொலம்பாக்கம் என்ற சிற்றூருக்கு ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ் என்ற மருத்துவர் வந்து சேர்ந்தார். அவரும் குருவானவர் அல்ல. பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பொதுநிலையினர். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டுத் தொழுநோயாளர் நடுவே பல ஆண்டுகள் உழைத்தவர். இங்கே வந்தபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்.

அன்றைய நிலையை நம் பெரியவர்கள் அறிவார்கள். குஷ்டம் என்ற சொல் காதில் விழுந்தாலே பெற்ற பிள்ளையும் விலகி நின்ற காலம் அது. உடம்பில் தேமல் கண்டவர் அதைத் துணியால் மறைப்பார். விரல் மடங்கத் தொடங்கிய பிறகு மறைக்க முடியாது. அதன்பின் திண்ணையில் தனித் தட்டு, அதற்கும் பின் தெரு. பிச்சையெடுத்துத் திரியும் தொழுநோயாளரைப் பிடித்து விடுதியில் அடைக்க 1898ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போடப்பட்டது. அது ஒழிக்கப்பட்டது 2016இல்தான். நாமும் நம்மைக் குற்றமற்றவர்களாக எண்ண வேண்டாம். இடைக்கால ஐரோப்பாவில் தொழுநோயாளரை ஊரைவிட்டுப் பிரித்து வைப்பதற்கென்று கோயிலில் ஒரு சடங்கே நடந்ததுண்டு.

இரண்டு நிகழ்வுகள் இந்த வரலாற்றைத் திருப்பின. இரண்டும் நடந்த ஆண்டு 1873. நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். இது சாபமல்ல, நோய் என்பது தெளிவாயிற்று. அதே ஆண்டில் பெல்ஜியம் நாட்டுக் குரு தமியான், ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்திருந்த மொலக்காய்க்குப் போய் அவர்களோடு தங்கினார். அந்த நோய் தமக்கும் தொற்ற, 1889இல் 49 வயதில் அங்கேயே இறந்தார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. தமியான் காலத்தில் மருந்து இல்லை. உடனிருப்பது ஒன்றே அவரால் தர முடிந்த மருந்து.

ஹெமெரிக்ஸ் பொலம்பாக்கம் வந்தபோது டாப்சோன் மாத்திரை வந்துவிட்டது. விலை குறைவு, ஆனால் ஆண்டுக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். நோயாளரோ ஆயிரக்கணக்கில், ஊர் ஊராகச் சிதறியிருந்தார்கள். எத்தனை பேருக்குக் கட்டில் போட முடியும்? கட்டில் போட்டாலும், வயலை விட்டு, பிள்ளை குட்டிகளை விட்டு வந்து படுத்தவரை வீடு மீண்டும் ஏற்குமா?

ஆகவே நோயாளரை அவர் தம்மிடம் கூப்பிடவில்லை. தாமே அவர்களிடம் போனார். பாதைகளை வகுத்து, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கிழமையை ஒதுக்கினார். சாலையோரத்தில் இன்ன மரம், இன்ன கிழமை என்று முடிவாயிற்று. அந்தக் கிழமையில் வண்டி வந்து மரத்தடியில் நிற்கும். தோலையும் நரம்பையும் பார்த்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, அட்டையில் குறித்து, மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். வந்தவர் மாலையில் தம் வீட்டிலேயே இருப்பார். மரத்தடி மருத்துவமனை என்று உலகமே பேசிய முறை இதுதான். நோயாளரை ஊரைவிட்டுப் பிரிக்காமலே குணமாக்கலாம் என்று அது காட்டியது.

அன்பானவர்களே, நல்ல சமாரியர் உவமையை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அவர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், கட்டுப் போட்டார், சாவடிக்குக் கொண்டுபோனார், இரண்டு தெனாரியம் கொடுத்தார். இதுவரை நம் நினைவில் நிற்கிறது. ஆனால் சாவடிக்காரரிடம் அவர் கடைசியாகச் சொன்னதை நாம் எளிதில் கடந்துபோகிறோம். கூடுதலாக ஏதும் செலவானால், தாம் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். திரும்பி வரும்போது! அவர் செய்த உதவி அன்றோடு முடியவில்லை. ஒருமுறை உதவுவது இரக்கம். மறுபடியும் வருவதாகச் சொல்லி, சொன்னபடி வருவது அன்பு.

ஹெமெரிக்ஸோடு பொலம்பாக்கத்தில் பணியாற்றியவர் கிளேர் வெல்லுட் என்ற பெல்ஜியம் நாட்டுப் பெண் மருத்துவர். ஹெமெரிக்ஸுக்குப் பின் அந்தப் பணியைத் தொடர்ந்தவரும் அவரே. இந்தியக் குடியுரிமை பெற்று, நம்மவராகவே வாழ்ந்தார்.  ஒருமுறை வந்து உதவிவிட்டுப் போனவர் அல்லர் அவர்.

இப்போது நம் பங்குக்கு வருவோம். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவில், சிப்காட் வேலைக்காக வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் வடமாநிலத் தம்பிகளுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தோம். படமும் எடுத்துக்கொண்டோம். மூன்று வாரம் கழித்து அவர்களில் ஒருவர் கடும் காய்ச்சலோடு கோயில் வாசலில் வந்து உட்கார்ந்தார். நம்மில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. எந்த லைன் வீடு என்று தெரியவில்லை. பொட்டலம் வாங்கியபோது எடுத்த படத்தில் அவர் இருக்கிறார். நம் நினைவில் இல்லை. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வெகுநேரம் மௌனமாக நின்றோம். நாம் கொடுத்தது பொய்யல்ல. ஆனால் நாம் திரும்பிப் போகவில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறோம். ஒவ்வோர் அன்பியமும் ஒரு வீட்டையோ ஒரு லைனையோ தேர்ந்துகொள்ளட்டும். ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளட்டும். வெறுங்கையோடு போனாலும் போகட்டும். பெயரைக் கேளுங்கள்; அடுத்த வாரம் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தனியாக இருக்கும் மூதாட்டிக்கு மருந்துச்சீட்டைப் படித்துக் காட்டுங்கள். யாருக்காவது உணர்ச்சியற்ற, வெளிறிய தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்து இலவசம், நோயின் நிலையைப் பொறுத்து ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்தில் குணமாகும். நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அண்மை ஆண்டுகளிலும் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் பேரிடம் இது புதிதாகக் கண்டறியப்படுகிறது.

மாற்கு நற்செய்தியில் இயேசு தொழுநோயாளரைக் கைநீட்டித் தொட்டார். அதன் முடிவைப் பாருங்கள். ஊருக்கு வெளியே இருந்தவர் ஊருக்குள் போனார்; இயேசுவோ ஊருக்குள் வெளிப்படையாக வர முடியாமல் வெளியே தனித்த இடங்களில் தங்கினார். அவருடைய இடத்தை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார். நம்மிடம் அவர் கேட்பது அவ்வளவுகூட இல்லை. வாரத்தில் ஒரு கிழமை, ஒரு மணி நேரம்.

செபிப்போம். ஆண்டவரே, எங்களைத் தேடி ஒருபோதும் வராமல் இருந்ததில்லை நீர். நாங்கள் ஒருமுறை உதவிவிட்டு மறந்துபோனவர்களிடம் திரும்பிப் போகும் மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.